நெஞ்சுக்குள்ள ஒரு பழைய செல்லு

...பழசுய்யா, பழசு! யாருகிட்ட? எங்கிட்ட! இருபத்தாறு வருஷமா இதே தேரடி வீதியில டார்ச்சு லைட்டும் அதுக்குப் போடற பேட்டரி செல்லும் வித்துக்கினு இருக்கிற பக்ருதீன்கிட்டயே பழைய செல்ல தள்ளப் பாக்கறாங்கய்யா மெட்ராஸ்ல! அதத்தான் காசிகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். பாதியிலயே கிளாஸ எடுத்துக்கினு எதிர்ல அவன் டீக்கடைக்கு ஓடிட்டான். பால் பொங்குதாம். ஒரு மனுஷன் உசுரு போற விஷயம் பேசறப்ப இவனுக்கு பால் பொங்குதாம்!

வா வா, நீ உக்காரு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்க. ஒரு காலு கட்டை, ஆடும், பாத்து உக்காரு. இன்னா வேணும், டார்ச்சா, வெறும் செல்லா? ரெண்டு கட்டையா, மூணு கட்டையா? சரி சரி, அப்பறம் சொல்லு, மொதல்ல மூச்சு வாங்கிக்க. வெயிலு அப்படி. பங்குனி பொறந்துட்டா இந்த மலை காய்ஞ்சு காய்ஞ்சு ஊரையே வேக வெச்சுடுது. எனக்கும்தான் நாலு அடி நடந்தா நாக்கு தள்ளுது. ஆனா எனக்கு வெயிலால இல்ல. நெஞ்சு. பேட்டரி வெக்கணுங்கறாங்க.

சிரிக்காத. நெசமாத்தான். நெஞ்சுக்குள்ள பேட்டரி.

போன தீபத்தப்ப ஆரம்பிச்சுது. தீபம்னா ஜனம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா? கடைமுன்னால நிக்க எடமில்ல. ஒருத்தன் மூணு செல்லு கேட்டான். எடுக்கத் திரும்பனேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். கண்ண முழிச்சா மேல காசி மூஞ்சி. தலையெல்லாம் ஈரம். தண்ணி தெளிக்கணும்னா தண்ணிய தெளிக்கணும் இல்ல? இவன் அவசரத்துல கையில கெடச்ச பன்னீர் சோடாவ ஒடச்சு ஊத்திட்டான்யா! தாடி மீசையெல்லாம் பிசுபிசுன்னு, ரெண்டு நாளு என்னச் சுத்தி ஈயி. அந்த மூணு செல்லு கேட்ட ஆளு? அவனே எடுத்துக்கினு போய்ட்டான். நான் செத்தேனா பொழச்சேனான்னு கூட பாக்கல.

ரெண்டாவது தடவ எம் பொண்ணு ஜாஹிரா வூட்டு விசேஷத்துல, சம்பந்தி வூட்டு ஆளுங்க எதிர்ல, பிரியாணித் தட்டு மேலயே கவுந்துட்டேன். மூணாவது தடவ வேங்கிக்கால் போற பஸ்ஸுல. கண்டக்டரு குடிச்சிட்டேன்னு நெனச்சு எறக்கி விட்டுட்டான். இந்தத் தாடியும் தொப்பியும் பாத்துக் கூட இந்த ஆளு குடிப்பானான்னு அவனுக்கு சந்தேகம் வரல பாரு!

அப்பறம் நம்ம ராமகிருஷ்ணன் டாக்டருகிட்ட போனேன். கையப் புடிச்சாரு, கடியாரத்தப் பாத்தாரு, மறுபடி கையப் புடிச்சாரு. "பாய், உங்க நாடி நிமிஷத்துக்கு முப்பத்தி நாலுதான் அடிக்குது"ன்னாரு. நான் சொன்னேன், "கம்மியா அடிச்சா நல்லதுதானே டாக்டரு? தேய்மானம் கம்மி." மனுஷன் சிரிக்கவே இல்ல. சீட்டு எழுதி மெட்ராஸுக்கு அனுப்பிட்டாரு.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பொண்ணு, எங்க ஜாஹிரா வயசுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி. அது சொல்லுது, "ஐயா, இதயத்துக்குள்ள மேலேர்ந்து கீழ கரண்டு மாதிரி ஒண்ணு போகும். உங்களுக்கு அந்த வழி கெட்டுப் போச்சு. மேல அடிக்கிறது கீழ வந்து சேரல." நான் ரேடியோ ரிப்பேரும் பாக்கறவனாச்சே! "அட, ஒயரு அத்துப் போச்சு. ஈயத்த வெச்சு பத்த வெச்சுட வேண்டியதுதானே"ன்னேன். "அப்படி முடியாதுங்க. பேஸ்மேக்கருன்னு ஒரு மிசினு இருக்கு. தோளுக்குக் கீழ தோலுக்குள்ள வெச்சு தெச்சிடுவோம். அதுலேர்ந்து ஒரு ஒயரு இதயத்துக்குள்ள போகும். நாடி கம்மியாச்சுன்னா அதுவே தட்டிவிடும். இல்லன்னா இதுமாதிரி விழுந்து விழுந்து ஒரு நாளு எழுந்திருக்க மாட்டீங்க"ன்னு சொல்லிச்சு. பட்டுன்னு சொல்லிடுச்சுய்யா, கொஞ்சம் கூட நெளிவு சுளிவு இல்ல. "எதுல ஓடும் அந்த மிசினு?"ன்னு கேட்டேன்.

"பேட்டரில"ன்னுது.

அவ்ளோதான்! வேற எதுல ஓடுதுன்னாலும் கத்திக்கு படுத்திருப்பேன்யா. சாவி குடுக்கறதா இருந்தா சரி, காலையில எழுந்து குடுத்துக்கலாம். சீமெண்ணெயில ஓடினா கூட ரேஷன்ல வாங்கி ஊத்திக்கலாம். பேட்டரியா! கேளு இன்னும். புதுசு வாங்கணும்னா நான் இந்தக் கடைய வித்து, வூட்ட வித்து, காசி கடையையும் சேத்து வித்தாத்தான் ஆவும். அது முடியாதுன்னதும் டாக்டரம்மா ஒரு பொட்டியத் தொறந்து காட்டுது. வெளிநாட்டுல இதே மிசினு வெச்சுக்கினு இருந்தவங்க வேற ஏதோ நோவுல செத்துப் போய்ட்டா, வூட்டுக்காரங்க சம்மதத்தோட அத எடுத்து, சுத்தம் பண்ணி, சோதிச்சுப் பாத்து நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அனுப்பறாங்களாம். ரெண்டு வந்திருக்குது. ரெண்டும் வத்திப்பொட்டியவிட கொஞ்சம் பெருசு, வெள்ளி மாதிரி பளபளன்னு. "ஒண்ணு உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், தர்மம்தான், காசு வேணாம்"ன்னுது.

பளபளன்னு இருந்துது பாரு, அதப் பாத்ததும் எனக்கு பகீர்னுது. ஏன்னா... சொல்றேன் இரு.

இன்னா நெஞ்சத் தேய்ச்சுக்கறே? வாய்வா? காசி கடையில வடை தின்னியா? அவன் எண்ணெய மாத்தி எத்தினி நாளாச்சோ. டேய் காசி! இங்க ஒரு இஞ்சி டீ! ...காதுல விழாது அவனுக்கு.

வூட்டுக்கு வந்து மஹ்பூபாகிட்ட சொன்னேன். எங்க வூட்டு அம்மா. நாப்பது வருஷமா என்னோட குப்பை கொட்டறா. நான் இன்னா நெனச்சேன், அழுவா, வேணாங்க இந்த வயசுல கத்தி கித்தின்னு புடிச்சு நிறுத்துவான்னு நெனச்சேன். நானும் பொண்டாட்டி பேச்சக் கேட்ட மாதிரி இருந்துடலாம் பாரு. அவ கேட்டது இன்னா தெரியுமா? "அந்தப் பழசு யாரோடது, ஆம்பளையா பொம்பளையா?" ஒரு வெள்ளக்கார அம்மா, எம்பத்தோரு வயசுல தூக்கத்துலயே போய்ட்டுதாம்னு சொன்னேன். அப்படியே என்ன மேலயும் கீழயும் பாக்கறா. "இத்தினி வருஷத்துல என்ன அந்த நெஞ்சுல வெச்சீங்களான்னு தெரியல, எவளோ வெள்ளக்காரிய தோலுக்குள்ள வெச்சு தெச்சுக்கப் போறீங்களா?"ங்கறா! அப்பறம் அவளே உள்ள போயி, ட்ரங்குப் பொட்டிய எறக்கி, என் லுங்கி ரெண்டு, துண்டு ரெண்டு, சோப்பு டப்பா எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டா. "எவளோட இருந்தாலும் பரவால்ல, இருந்தா போதும். போயி வெச்சுக்கினு வாங்க"ன்னா. கண்ணுல தண்ணி. அந்தப் பொட்டி ஒரு வாரமா கதவாண்ட அப்படியே உக்காந்துக்கினு இருக்குது. போறப்ப வர்றப்ப கால்ல இடிக்குது.

வியாழக்கெழம தேதி குறிச்சிருக்காங்க. இன்னிக்கு செவ்வாய். ஊரெல்லாம் என்ன பயந்தாங்கொள்ளிங்குது. காசி சொல்றான், "கத்திக்கு பயப்படறாரு பாய்." கத்திக்கு நான் பயப்படலய்யா! கத்தி இன்னா, அரை மணி நேரம். நான் பயப்படறது அந்த செல்லுக்கு. செல்லப் பத்தி இந்த ஊர்ல என்னவிட ஜாஸ்தி தெரிஞ்சவன் எவன் இருக்கான்?

நான் டாக்டரம்மாகிட்ட விடாம கேட்டேன். "எத்தினி வருஷம் ஓடும்?" "மீட்டர்ல அளந்து பாத்திருக்கோம். அஞ்சு வருஷம் ஓடும்னு தோணுது. நாலாவும் இருக்கலாம், ஆறாவும் இருக்கலாம். எழுதியெல்லாம் குடுக்க முடியாதுங்க." "நடுவுல டவுனாச்சுன்னா?" "ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க, பாத்துடுவோம். டவுன் ஆகறதுக்கு ரொம்ப முன்னாலயே தெரிஞ்சிடும்." "வர முடியாத நேரத்துல டவுனாச்சுன்னா, மொட்டமாடியில சட்டைய கழட்டிப் போட்டுட்டு மல்லாக்க படுத்தா வெயில்ல கொஞ்சம் ஏறுமா?"ன்னு கேட்டேன். பக்கத்துல நர்சம்மா ரெண்டு பேரு வாயப் பொத்திக்கினு வெளிய ஓடிட்டாங்க. டாக்டரம்மா மட்டும் நிதானமா, "ஏறாதுங்க. அது அந்த மாதிரி செல்லு இல்ல"ன்னுது.

இதுல சிரிக்க இன்னா இருக்குது? இந்த ஊர்ல செத்த செல்ல வெயில்ல போடாத வூடு ஒரு வூடு காட்டு! கூரை மேல, கொல்லையில தொவைக்கற கல்லு மேல, முருங்கை மரத்தாண்ட... நீ போட்டதில்ல? பாத்தியா! காய வெச்சா இன்னும் ரெண்டு பாட்டு கேக்கும் டிரான்சிஸ்டர்ல. கேக்கும், இல்லன்னு சொல்லல. ரெண்டு பாட்டுதான். மூணாவது பாட்டுல இழுக்க ஆரம்பிச்சுடும். எனக்கு அந்த ஞாபகம்தான்யா வருது. நான் நடுரோட்டுல போறப்ப நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சா?

இதுல பெரிய சந்தேகம் எது தெரியுமா? பழசுன்னு அந்தம்மாவே வாயால சொல்லுது! எந்த வியாபாரியாவது சரக்கு பழசுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்வானா? வெளிய இவ்ளோ சொல்றாங்கன்னா, உள்ள மறைக்கறது எவ்ளோ இருக்கும்! நான் தொழில்காரன், எனக்குப் புரியாதா?

கிட்ட வா. இன்னும் கிட்ட. நீ வந்ததுலேர்ந்து மரியாதையா கேட்டுக்கினு இருக்கறே, வெளிய சொல்ற ஆளு மாதிரி தெரியல. இந்த மூணு கட்டை டார்ச்சு இருக்குது பாரு. மூணு செல்லு கேட்டு வர்றவனுக்கு ரெண்டு புதுசு, ஒண்ணு பழசு. பழச எங்க வெப்பேன்? நடுவுல! மேல இருக்கறத கிராக்கி பாப்பான். கீழ இருக்கறத தட்டிப் பாப்பான். நடுவுல இருக்கறத இத்தினி வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் எடுத்துப் பாத்ததில்ல. பழசு எனக்கு எங்கேர்ந்து வருதுங்கறே? நீங்கதான்யா குடுக்கறீங்க! "செத்த செல்லு பாய், நீங்களே தூக்கிப் போட்டுடுங்க"ன்னு இந்த டப்பாவுல போட்டுட்டுப் போறீங்க இல்ல? நாலு நாளு மாடியில காய வெப்பேன். பித்தளை மூக்க உப்புத்தாள்ல நாலு தேய்ப்பு, பளபளன்னு ஆயிடும். மேல சுத்தற காயிதம் ஒரு எடத்துல அச்சடிச்சு வருது, எங்கன்னு கேக்காத. பசை தடவி சுத்தினா கல்யாணப் பொண்ணு கெட்டுது போ!

தப்புதான். தப்புன்னு தெரியாமலா? ஆனா வர்றவங்ககிட்ட நான் சொல்றத கேக்கணும் நீ. "ஆறு மாசம் கண்ண மூடிக்கினு எரியும்ப்பா, நான் கேரண்டி." இந்த நெஞ்சுல தட்டிச் சொல்வேன், இதே நெஞ்சுல. ஆறாம் நாளு வந்து நிப்பான், செத்துப் போச்சு பாய்னு. நம்மகிட்ட பதிலு இல்லாம போவுமா? "ஸ்பிரிங்கு வீக்கா இருக்குதுப்பா." "உன் பல்பு கரண்ட ஜாஸ்தி இழுக்குது." அதுக்கும் மசியலைன்னா, "டார்ச்ச படுக்க வெச்சியா, நிக்க வெச்சியா?" படுக்க வெச்சேன்னு சொன்னா, "அதான்!" நிக்க வெச்சேன்னு சொன்னாலும், "அதான்!" அவன் தலைய சொறிஞ்சுக்கினு இன்னும் மூணு வாங்கிக்கினு போவான்.

இப்ப சொல்லு. அந்தம்மா அஞ்சு வருஷம்னு சொல்றப்ப என் காதுல யாரு கொரலு கேக்கும்? என் கொரலுதான்யா கேக்குது! பக்ருதீன் நெஞ்சுல தட்டி ஆறு மாசம்ங்கறான். அத நம்பி நான் படுக்கணுமா? ஒண்ணு ஆச்சுன்னா யாருகிட்ட திருப்பிக் குடுக்கறது? எவனோ வந்து என் பொணத்தாண்ட நின்னு, "பாய் ராத்திரியில படுத்தாரா, உக்காந்தாரா?"ன்னு கேப்பான். அதனால வேணாம். முடிவு பண்ணிட்டேன். புத்தி இருக்கறவன் எவனும் வெச்சுக்க மாட்டான். பழைய செல்லு நல்லா இருந்ததா சரித்திரமே இல்ல. செத்த செல்லு செத்த செல்லுதான், எந்த சீமையிலேர்ந்து வந்தாலும்!

இன்னா எழுந்துட்ட? இரு, உன் செல்ல எடுத்துத் தரேன், மூணும் புதுசாவே தரேன், இவ்ளோ சொன்னப்பறம் உனக்கு... ஏய்! ஏய்! பாத்து! ஷட்டர புடி, ஷட்டர புடி! அய்யய்யோ... உக்காரு உக்காரு. தலைய குனிஞ்சு முட்டிக்கு நடுவுல வெய்யி. அப்படித்தான். மெதுவா மூச்சு விடு. இன்னாய்யா இது, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. டேய் காசி! தண்ணி கொண்டாடா! தண்ணி! சோடா வேணாம்!

கையக் குடு. சும்மா குடுய்யா, டாக்டரு சொன்னதுலேர்ந்து எனக்கு இதே வேலை. கடியாரத்துல முள்ளு பன்னெண்டுக்கு வரட்டும்... இப்ப. ஒண்ணு... ... ரெண்டு... ... எங்க மூணக் காணோம்... ஆங், மூணு... அந்த லாரிக்காரன ஹாரன் அடிக்காம போகச் சொல்லுடா காசி... நாலு... ...

...முப்பத்தாறு.

யோவ். முப்பத்தாறுய்யா. என்னுதவிட ரெண்டுதான் ஜாஸ்தி. இன்னாய்யா இது, உனக்குமா?

இன்னாது? ...மெட்ராஸ்லேர்ந்து இன்னிக்குக் காலையிலதான் வந்து எறங்கினியா? ...அதே ஆஸ்பத்திரியா? மூக்குக் கண்ணாடி போட்ட பொண்ணா? ...பொட்டியில இருந்த ரெண்டுல இன்னொண்ணு உனக்கா!

அப்ப நீ செல்லு வாங்க வரல. வந்ததுலேர்ந்து உன்ன வாயத் தொறக்க விட்டேனா நான்? பேரு இன்னா உனக்கு? இராமலிங்கம். எந்த ஊரு? அடி அண்ணாமலையா, பக்கம்தானே. நெலத்துல இன்னா போட்டிருக்கே? மல்லாட்டையா. கடலை புடுங்கற நேரமாச்சே. அதோ காசி கடையாண்ட பையோட நிக்கறது உன் வூட்டு அம்மாவா? உண்ணாமலையா பேரு. அது ஏன் வெயில்ல நிக்குது, உள்ள வரச் சொல்லக் கூடாதா?

சரி, எங்கிட்ட எதுக்குய்யா வந்தே? யாரு சொல்லி வந்தே? ...டாக்டரம்மாவா? இன்னான்னு? ..."உங்க ஊர்லயே பேட்டரிக் கடை பாய் ஒருத்தரு இருக்காரு. நல்லா வெவரம் தெரிஞ்சவரு. என்னையே நூறு கேள்வி கேட்டாரு. அவரும் இதையேதான் வெச்சுக்கப் போறாரு. போயி அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க, பயம் போயிடும்"னு சொல்லிச்சா.

அல்லா. என்ன நம்பி அனுப்பிச்சிருக்குதுய்யா அந்தப் பொண்ணு.

...இல்ல இல்ல, நில்லு. எங்க போற? வேணாமா? எது வேணாம்? உனக்கு வேணாமா! யோவ், நான் எனக்கு சொன்னேன்யா! உன்ன யாரு வேணாம்னு சொன்னது? ...நான்தான் சொன்னேன், சரி. புத்தி இருக்கறவன் வெச்சுக்க மாட்டான்னு சொன்னேன், ஆமா, சொன்னேன். அது வாயி ஓடிச்சுய்யா, இந்த வாயி அப்படித்தான், காலையில நாஷ்டா முடிச்சா ஓட ஆரம்பிக்கும். நான் சொன்னதெல்லாம் என் செல்லப் பத்தி. உப்புத்தாள் தேச்ச செல்லப் பத்தி. அது வேற, இது வேற!

வேற இல்லங்கறியா? ரெண்டும் பழசுதானேங்கறியா? ...இரு, யோசிக்க விடு. ம்... அட, இராமலிங்கம், இப்பதான்யா எனக்கே ஒறைக்குது! பழசுன்னு அந்தம்மா சொல்லிச்சே! அஞ்சுதான், நாலாவும் இருக்கலாம்னு சொல்லிச்சே! அதான்யா நல்ல சரக்குக்கு அடையாளம்! இந்தத் தேரடி வீதி முழுக்க சுத்திப் பாரு, பழசு பழசுன்னு சொல்லி விக்கறவன் ஒருத்தன் இருக்கானா? எழுதிக் குடுக்க முடியாதுன்னு ஒருத்தன் சொல்வானா? அந்தப் பொண்ணு புதுசுன்னு சொல்லி, நெஞ்சுல தட்டி இருபது வருஷம்னு சொல்லியிருந்தா, அப்ப நீயும் நானும் பயந்து ஓடியிருக்கணும்! உண்மைய சொன்னதால ஓடறோமே, நம்மள மாதிரி முட்டாளு உண்டா?

இன்னா சிரிக்கறே? ...ஓ. அப்படி வர்றியா நீ. நான் வியாபாரின்னு தெரியாமலா, காரியம் ஆவணும்னா நான் எப்படி வேணா பேசுவேன்னு நானே சொன்னதுதானேங்கறியா. உனக்கு நோவுன்னு தெரியறதுக்கு முன்னால பேசினது வயித்துலேர்ந்து வந்த பேச்சு, தெரிஞ்சப்பறம் பேசறது கிராக்கிகிட்ட பேசற பேச்சு. ...நல்லா கேட்டேய்யா. நல்லாத்தான் கேட்டே. உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் கேப்பேன்.

எம் பொண்ணு ஜாஹிரா தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா? ...இல்ல, அது வேணாம். அத ஒரு டார்ச்சு செல்லுக்கே எத்தினியோ தடவ பண்ணிட்டேன். அதுல ஒண்ணும் மிச்சமில்ல. இன்னா சொன்னா நம்புவே நீ? சொல்லு. எனக்கு வாயத் தவிர வேற இன்னாய்யா இருக்குது?

உனக்கு எத்தினி பசங்க? ஒரே பொண்ணா. எத்தினி வயசு? பதினொண்ணு. அஞ்சு வருஷம் போட்டுப் பாரு, பதினாறு ஆயிடுமேய்யா. பதினாறுல ஒரு பொண்ணுக்கு அப்பன் இருக்கறதுக்கும் இல்லாம போறதுக்கும் வித்தியாசம் இல்லியா? நாலுதான் ஓடுதுன்னே வெச்சுக்க, பதினஞ்சு. அதுக்குள்ள அந்தம்மா வேற ஒண்ணு எங்கேர்ந்தாவது வரவழைக்காதா? நான் இத்தினி நாளா அஞ்சுதானா அஞ்சுதானான்னு கத்திக்கினு இருந்தேன். மிசினு இல்லாம கையில இருக்கறது எத்தினி நாளுன்னு பாத்தேனா? போன மாசம் பஸ்ஸுல விழுந்தேனே, அதுலயே போயிருந்தா மஹ்பூபாவுக்கு இந்த ஒரு மாசம் கூட கெடையாது. பொட்டிய எடுத்து கதவாண்ட வெச்சுட்டு என்னையே சுத்திச் சுத்தி வர்றாய்யா அவ. நான் இங்க உக்காந்துக்கினு போறவன் வர்றவன்கிட்டல்லாம் பேட்டரி நியாயம் பேசறேன்.

இரு, ஒரு நிமிஷம் இரு. ஆஸ்பத்திரிக் காயிதம் எங்கிட்டயும் இருக்குது, அதுல மீட்டரு அளந்தது எழுதியிருக்குது. நீயே கண்ணால பாத்துக்க. எங்க வெச்சேன்... இந்த அலமாரியில காயிதம் ஒண்ணா ரெண்டா... ரேடியோ பில்லு... இது கரண்டு பில்லு... ஆங், கெடச்சுடுச்சு. இந்தா பாரு இராமலிங்கம், இங்க அஞ்சுன்னு...

இராமலிங்கம்?

எங்க போய்ட்டான்? ...டேய் காசி! இங்க உக்காந்திருந்த ஆளு எங்கடா? பஸ்ஸா? எந்த பஸ்ஸு? புடிடா அவன! என்னால ஓட முடியாதுடா, இந்தப் படி எறங்கறதுக்கே... ஏய் டிரைவரு! எடுக்காதய்யா, ஒரு நிமிஷம்! இராமலிங்கம்! யோவ் இராமலிங்கம்! மூஞ்சியத் திருப்பிக்காத! ...சரி, நீ கேக்க வேணாம். தங்கச்சி! உண்ணாமலை! ஜன்னலாண்ட வாம்மா. நீ கேளு, நீ கேளு.

உன் வூட்டுக்காரரு என்ன நம்பல. நம்ப வேணாம், நம்பற மாதிரி நான் நடந்துக்கல. ரெண்டு மணி வரைக்கும் கூட இந்தக் கடை இன்னிக்குத் தொறந்திருக்காது. பகல் பஸ்ஸுல நானும் மஹ்பூபாவும் மெட்ராஸ் போறோம். வியாழக்கெழம எனக்கு வெச்சு தெச்சுடுவாங்க. அந்த டாக்டரம்மா கால்ல விழுந்தாவது உங்களுத ஒரு வாரம் யாருக்கும் குடுக்காம புடிச்சு வெக்கறேன். ஞாயித்துக்கெழம நீ அவர இட்டுக்கினு வாம்மா. உள்ள கூட வர வேணாம், வார்டு வாசல்ல நின்னா போதும். நான் பேசற சத்தம் வெளிய கேட்டுதுன்னா, நேரா போயி கையெழுத்துப் போட்டுக் குடுத்து அவருக்கும் வெச்சுடச் சொல்லு. சத்தமே கேக்கலைன்னா... அப்படியே திரும்பி ஊருக்கு வந்துடுங்க.